நத்தார் மரத்தில் ஒரு பம்பரம்

அன்புள்ள ஐயா,

மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கும் மரம் கடையும் ஆசை பிடித்தது. மேசை மேல் வைக்கக்கூடிய பழைய லேத் ஒன்றை, அதாவது மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தை, வாங்கினேன். நத்தார் மரத்தில் தொங்கவிட ஏதாவது செய்வோம் என்று மகோகனித் துண்டொன்றைக் கையில் எடுத்தேன். காணொளிகளில் காட்டுவது போல மேலே உருண்டை, கீழே ஊசி போல நீண்ட முனை. கழுத்தை மெலிதாக்கிவிட்டு முனைக்குப் போனேன். அது உதறத் தொடங்கியது. 'டிக்' என்று கழுத்தில் முறிந்து பறந்தது. மூன்று முறை இதே கதை. குற்றம் உளியிலா, மரத்திலா, என் கையிலா? மாமியார் வேறு, "நத்தார் உருண்டை என்றால் கண்ணாடிதானே, புறக்கோட்டையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறதே" என்கிறார்.

ஜெ., கொட்டாஞ்சேனை

அன்பின் ஜெ.,

உளியிலும் மரத்திலும் குற்றமில்லை. கையிலும் இல்லை. வேலையின் வரிசைதான் பிழை.

லேத்தில் மரத்தைப் பிடிக்கும் கவ்வியான சக் இருக்கும் பக்கத்தில்தான் மரத்துக்குப் பலம். அங்கிருந்து தள்ளிப் போகப் போக அது ஆடும். நீங்கள் கழுத்தை முதலில் மெலிதாக்கியதால், அதற்கு அப்பால் இருந்த தடித்த முனைக்குப் பிடிமானம் போய்விட்டது. அதன் மேல் உளியை வைத்தால் வேறென்ன நடக்கும்? முருங்கைக் கொம்பின் நுனியில் பாரத்தைக் கட்டியது போலத்தான்.

வெளி நுனியில் தொடங்குங்கள். முதல் 2 சென்ரிமீற்றரை ஊசியாக இறக்கி, அரத்தாள் போட்டு, அங்கேயே முடித்துவிடுங்கள். பிறகு அடுத்த 2 சென்ரிமீற்றர். இப்படியே சக்கை நோக்கி வர வேண்டும். உளி வேலை செய்யும் இடத்துக்குப் பின்னால் எப்போதும் தடித்த மரம் நிற்கும். கழுத்து கடைசியில் வரட்டும். மெலிந்த இடத்தைக் கடையும்போது இடது கையின் சுட்டுவிரலை மரத்துக்குப் பின்னால் மெல்லக் கொடுங்கள். விரல் சுட்டால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

முடித்த இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது. போகத்தான் மனம் சொல்லும். என் முதல் துண்டில், முழுதும் முடிந்த பிறகு, நுனியில் ஒரு மெல்லிய வளையக் கீறல் கண்ணை உறுத்தியது. ஒரேயொரு தரம் என்று உளியை வைத்தேன். நுனி பறந்துபோய் பல்கனி டியூப்லைட்டை உடைத்தது. வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருப்பவனுக்கு இது சின்ன விஷயமில்லை. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து விசாரித்தார். அன்று முகமூடி போட்டிருந்தது ஒன்றுதான் நான் செய்த புத்தியான காரியம். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மூன்று முறை பறந்திருக்கிறது என்கிறீர்களே! முகம் முழுவதையும் மூடும் கவசம் வாங்காமல் நாலாவது துண்டைத் தொடாதீர்கள்.

எனக்கு உளி பிடிக்கக் காட்டியவர் மொறட்டுவையில் கட்டில் கால் கடையும் பாஸ், அதாவது கைதேர்ந்த மேசன் போன்ற தச்சர், ஒருவர். அவர் தமிழ் பேசமாட்டார், என் சிங்களம் அரைகுறை. 'ஹெமின், ஹெமின்' (மெல்ல, மெல்ல) என்பதே பாதிப் பாடம். மீதிப் பாதியைக் கையைப் பிடித்துக் காட்டினார். உளியின் கூர் விளிம்பை முதலில் மரத்தில் வைக்கக்கூடாது. கூருக்குப் பின்னால் இருக்கும் சாய்வு முகம் மரத்தைத் தொட்டுத் தேய வேண்டும். பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் தானாக வந்து கடிக்கும். அப்போது தூசி பறக்காது. மயிர் போலச் சுருள் சுருளாக மரம் உரிந்து மணிக்கட்டில் விழும். சுருள் வருகிறதா, தூள் வருகிறதா என்று பாருங்கள். உளி சரியாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இன்னொன்று: கண் உளியின் முனையில் இருக்கக்கூடாது. சுழலும் மரத்தின் மேல் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் வடிவம் அங்கே கோடாகத் தெரியும். நான் இதை நம்பவே ஒரு மாதம் ஆயிற்று.

இனி வடிவம். காணொளிக்காரர் செய்வது உள்ளே குடைந்த உருண்டை. வளைந்த உளியைச் சிறு துளைக்குள் விட்டு, கண்ணால் பார்க்காமல் சத்தத்தைக் கேட்டுக் குடைவது. அது பத்தாவது துண்டுக்கு. குடையாமல் செய்தால் பாரம் இடிக்கும்: மகோகனியில் 4 சென்ரிமீற்றர் உருண்டை 20 கிராமுக்குள் நிற்கும், 6 சென்ரிமீற்றர் ஆக்கினால் 60 கிராமுக்கு ஏறிவிடும். டிசம்பரில் மலைநாட்டிலிருந்து வரும் சைப்பிரஸ் கிளை அதற்குத் தலைகுனியும்.

என் யோசனை, பம்பரம் செய்யுங்கள். மேலே அகன்று, கீழே ஒடுங்கி, ஆணிக்குப் பதிலாக மூன்று விரல் நீளத்துக்கு மெல்லிய முனை. இடுப்பில் கயிறு சுற்றும் வரிகளைக் கூட விட்டுவிடலாம், பார்க்க அழகாக இருக்கும். சின்ன வயதில் நாம் உள்ளங்கையில் ஆட விட்ட பொருள் என்பதால் அதன் வளைவு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று கைக்கே தெரியும். காணொளிக்காரரின் ஊசி முனை, குளிர்நாட்டில் கூரையோரம் தொங்கும் பனிக்கட்டி ஊசியின் சாயல். அதை நானும் நீங்களும் எங்கே கண்டோம்?

கடைதல் என்ற சொல்லையும் பாருங்கள். தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். கயிற்றைச் சுற்றி இரு பக்கமும் மாறி மாறி இழுத்துச் சுழற்றும் பழைய கடைசலைப் பார்த்தவர்களுக்கு மத்து ஞாபகம் வராமல் போகாது.

மாமியாரிடம் பாதி நியாயம் இருக்கிறது. கண்ணாடி உருண்டை ஜெர்மனியின் லவுஷா என்ற கண்ணாடி ஊதும் ஊரிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் போனது. ஆனால் அதே ஜெர்மனியில், சைஃபன் என்ற மலைக் கிராமத்தில், வெள்ளீயச் சுரங்கங்கள் நொடித்த காலத்தில் ஆட்கள் கடைசலுக்குத் திரும்பினார்கள். அங்கே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் ஈரமான தட்டை வளையமாகக் கடைவார்கள். பார்த்தால் வெறும் வளையம். கேக் வெட்டுவது போலப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் ஆடாக, குதிரையாக நிற்கும். பிளக்கும் வரை கடைபவருக்கே அந்த மிருகத்தின் முகம் தெரியாது.

எங்கள் நாட்டில் மட்டும் இல்லையா? மாத்தளைப் பக்கத்து அரக்கு வேலைக்காரர்கள் சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும், தூரிகையே வேண்டாம். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி சிங்களக் கலைகளைப் பற்றி 1908இல் வெளியிட்ட நூலில் இந்த வேலையையும் பதிந்து வைத்திருக்கிறார். மாமியாருக்குச் சிவப்பும் மஞ்சளுமாக அரக்கு வரி ஓடிய பம்பரமொன்றைக் காட்டினால் புறக்கோட்டைப் பேச்சு நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

நீங்கள் ஆரம்பத்தில் அரக்குக்குப் போக வேண்டாம், தேன்மெழுகு போதும். சுழலும்போதே மெழுகைத் தொட்டு, மடித்த கடதாசியால் தேயுங்கள். துணியை எடுக்கவே கூடாது. துணி சுற்றிக்கொண்டால் விரலையும் இழுத்துப் போகும், கடதாசி கிழிந்துவிடும். உச்சியில் கொக்கி ஆணி திருகும் முன் மெல்லிய துளை போடாவிட்டால் மரம் பிளக்கும்.

உடைந்த மூன்றையும் எறிந்துவிட்டீர்களா? எறியவில்லை என்றால் நல்லது. அனுபவசாலிகள் உடலையும் முனையையும் ஒரே துண்டில் செய்வதே அபூர்வம். உடலில் 6 மில்லிமீற்றர் துளை போட்டு, தனியே கடைந்த முனையைப் பசை வைத்துச் செருகுவார்கள். ஆகவே உங்கள் முறிந்த கழுத்தை மட்டமாக வெட்டித் துளைத்தால், உருண்டைகள் மூன்றும் பிழைத்துவிடும். முனைக்கு மகோகனி வேண்டாம். நார் நெருக்கமான, கடினமான மரம் வேண்டும். கொய்யா நல்லது. கத்தரித்த கிளை காய்ந்திருக்க வேண்டும், நடுத்தண்டு முனைக்குள் வரக்கூடாது, நார் நுனியிலிருந்து அடி வரை நேராக ஓட வேண்டும். நார் குறுக்கே ஓடினால் எந்த வரிசையில் கடைந்தாலும் முறியும்.

பச்சைக் கிளையை இப்போது வெட்டினால் இந்த நத்தாருக்குக் காயாது. போன வருடம் வெட்டி, இரு முனையிலும் மெழுகு பூசி வைத்த துண்டுகள் என்னிடம் நாலு இருக்கின்றன. உங்கள் சக் எத்தனை மில்லிமீற்றர் வரை கவ்வும் என்று எழுதுங்கள், பொருந்துவதை எடுத்து வைக்கிறேன்.