டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் திறன் மதிப்பெண்களைப் பகடை உருட்டிப் பெறுவது நல்லதா, புள்ளிகளைச் செலவழித்து வாங்குவது நல்லதா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்துக் கதையை நகர்த்தும் ஆட்டம் இது; அந்தப் பாத்திரத்தின் வலிமை, அறிவு போன்றவற்றைக் குறிக்கும் எண்களே திறன் மதிப்பெண்கள். ஆட்டம் எத்தனை நாள் ஓடப்போகிறது என்று தெரியாமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. ஒரே இரவில் முடிந்துவிடும் கதை என்றால் பகடையே போதும். மாதக்கணக்கில் தொடரும் ஆட்டத்துக்கு, சில ஆண்டுகளாகக் கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டராக உட்கார்ந்து கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில், தனித்தனியாகப் பகடை உருட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில், 3 அறுமுகப் பகடைகளை ஆறு முறை உருட்டி, விழுந்த எண்களை வலிமை, அறிவு, விவேகம், உடலுறுதி, லாவகம், கவர்ச்சி என்ற வரிசையிலேயே எழுதிக்கொண்டார்கள். இன்றைக்குக் கொடுமையாகத் தோன்றும் இந்த முறை அன்று யாரையும் பெரிதாகப் பாதிக்கவில்லை. காரணம், அந்த மதிப்பெண்களுக்கு ஆட்டத்தில் இருந்த வேலையே மிகக் குறைவு: லாவகம் 12ஐத் தாண்டினால் அம்பெய்வதில் 1 கூடும், முதன்மைத் திறன் உயர்ந்திருந்தால் அனுபவப் புள்ளிகள் 5 அல்லது 10 சதவீதம் அதிகம் கிடைக்கும், ஏறக்குறைய அவ்வளவுதான். 2000இல் வந்த மூன்றாம் பதிப்புதான் 10க்கு மேல் ஒவ்வொரு 2 மதிப்பெண்ணுக்கும் ஒரு கூடுதல் என்று ஆறு திறன்களுக்கும் ஒரே சூத்திரத்தை வைத்து, ஏறக்குறைய எல்லாச் செயல்களையும் அதனோடு பிணைத்தது. மதிப்பெண்ணின் எடை கூடியதால் அதைப் பெறும் முறையைப் பற்றிய சண்டையும் கூடியது.

நான்கு பகடைகளை உருட்டிச் சிறியதை ஒதுக்கிவிடும் முறை 1979ஆம் ஆண்டின் வழிகாட்டி நூலிலேயே இருக்கிறது. மூன்று பகடையில் சராசரி 10.5, இதில் ஏறத்தாழ 12.24. 18 விழும் வாய்ப்பு 216இல் ஒன்றாக இருந்தது 1296இல் 21 ஆகிறது. சராசரி உயர்ந்தது உண்மைதான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளி அப்படியே நீடிக்கிறது.

என் முதல் நீண்ட ஆட்டத்தில் ஒரு நண்பருக்கு 18, 16, 15, 14, 12, 11 விழுந்தது; அவருக்கு எதிரே இருந்தவருக்கு 12, 11, 10, 10, 9, 7. இருவரும் போர்வீரர்களையே விரும்பினார்கள். ஐந்தாம் பதிப்பில் 15 கவச எண் (வெட்டு விழுவதற்கு எட்ட வேண்டிய எண்) கொண்ட ஒரு சாதாரணக் கோப்ளினை, அதாவது ஒரு குட்டி அரக்கனை, எல்ஃப், குள்ளர் என்று பாத்திரத்தின் இனத்துக்குரிய கூடுதலைச் சேர்க்காமல் பார்த்தால், முதலாமவர் 60 சதவீத வாய்ப்போடு வெட்டினார், இரண்டாமவர் 45 சதவீதத்தோடு. சண்டையில் உருட்டும் பகடை இன்று கவிழ்த்தாலும் நாளை தூக்கிவிடும், ஏனெனில் அதை நூற்றுக்கணக்கான முறை உருட்டுகிறோம். கதாபாத்திரத்தை உருவாக்கும்போது உருட்டுவது ஒரே ஒரு முறை, அதன் விளைவோ ஒவ்வொரு வாரமும் கூடவே வருகிறது. ஆறாவது வாரத்திலிருந்து அந்த இரண்டாமவர் பொறி இருக்கிறது என்று தெரிந்த கதவையெல்லாம் முதல் ஆளாகப் போய்த் திறக்கத் தொடங்கினார். செத்தால் புதிதாக உருட்டலாமே!

புள்ளிமுறையில் இந்தக் குறை இல்லை. எல்லாத் திறன்களும் 8இல் தொடங்க, கையில் 27 புள்ளிகள் இருக்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14க்கும் 15க்கும் இரண்டிரண்டு. அதன் குறை வேறு: கணக்குத் தெரிந்தவர்கள் மூன்று 15, மூன்று 8 என்று சரியாக 27ஐயும் செலவழித்துவிடுவதால், வருகிற வீரர்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த மந்தபுத்திக்காரர்களாக இருப்பார்கள். வரிசை மாறாமல் மூன்று பகடை உருட்டும்போது கிடைக்கிற சுவாரசியம், அதாவது நாம் நினைத்தே பார்க்காத ஓர் ஆள் தாளில் வந்து நிற்பது, இதில் கிடைக்காது. (1977இல் வந்த டிராவலர் ஆட்டத்தில், உருவாக்கி முடிப்பதற்குள்ளேயே கதாபாத்திரம் இறந்துபோகலாம். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.)

ஆகையால் இப்போது நான் கடைப்பிடிப்பது ஓர் இடைவழி. எல்லாரும் நான்கு பகடை முறையில் ஆளுக்கொரு தொகுப்பு உருட்டி மேசை நடுவில் எழுதி வைப்போம். யார் உருட்டிய தொகுப்பையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போன முறை 17, 14, 13, 12, 9, 6 என்ற ஒரே தொகுப்பையே நால்வரும் எடுத்தார்கள். அந்த 6ஐ ஒருவர் அறிவில் வைத்தார், இருவர் கவர்ச்சியில் வைத்தார்கள். நான்காமவர் வலிமையில் வைத்து, மூட்டையைத் தூக்கக்கூட ஆள் தேடும் ஒரு மந்திரவாதியை உருவாக்கினார். இன்றுவரை குழுவில் எல்லாருக்கும் பிடித்த பாத்திரம் அதுதான்.