ஒரு வாட் நீல லேசர் டயோடையும் அதன் டிரைவரையும் எப்படிச் சோதிப்பது?

450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒரு வாட் நீல லேசர் டயோடும், அதற்குள் போகும் மின்னோட்டத்தை அளவோடு வைக்கும் டிரைவர் என்ற சிறு சுற்றும் வாங்கியிருக்கிறீர்கள்; டிரைவரை 'ஒரு ஆம்பியருக்கு அமைத்தாயிற்று' என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். மரப்பலகையில் எழுத்துப் பொறிக்க வேண்டும். அதற்குமுன் டயோடை நேராக பேட்டரியில் தொட்டு எரிகிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். டயோடைக் கடைசியாகத்தான் கையில் எடுக்க வேண்டும். அதற்குமுன் பாதுகாப்புக் கண்ணாடி, பிறகு டிரைவர். இந்த வரிசை மாறினால் டயோடு போகும், இல்லையென்றால் கண் போகும்.

முதலில் கண். அரை வாட்டுக்கு மேல் போனாலே 'நான்காம் வகுப்பு', அதாவது மிக ஆபத்தான வகை லேசர். வகுப்பறையில் காட்டும் 5 மில்லிவாட் சிவப்பு பாயின்டரைவிட உங்களுடையது இருநூறு மடங்கு. கண் இமைக்கக் கால் நொடி ஆகும். அதற்குள் விழித்திரையில் நிரந்தரமாகப் புண் விழுந்துவிடும். நேர்க்கற்றை மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள். ஸ்குரூடிரைவரின் முனை, கைக்கடிகாரம், மோதிரம், பீரோ கண்ணாடி என்று பளபளப்பான எதிலும் பட்டுத் திரும்பும் கற்றையும் அதே வேலையைச் செய்யும். எனவே கழற்ற முடிந்ததைக் கழற்றுங்கள், மற்றதைத் துணியால் மூடுங்கள். குழந்தைகள் வராதபடி அறைக்கதவைத் தாழிடுங்கள். அறை விளக்கு எரியட்டும், இருட்டில் கண்மணி விரிந்து அதிக ஒளியை உள்ளே விடும்.

டயோடுடன் இலவசமாக வரும் பச்சை பிளாஸ்டிக் கண்ணாடியை நம்பாதீர்கள். வெயில் கண்ணாடியும் உதவாது. நல்ல கண்ணாடியின் மேலேயே எந்த அலைநீளத்திலிருந்து எதுவரை, எத்தனை ஓடி (OD, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று அச்சிட்டிருக்கும். 450 அந்த எல்லைக்குள் வர வேண்டும், ஓடி 4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஓடி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். அதற்காகக் கற்றையை நேராகப் பார்க்கலாம் என்று பொருளில்லை, தவறி வருவதிலிருந்து காப்பாற்றத்தான் அது. இந்தச் செலவைத் தள்ளிப்போடுகிறவர் லேசரையும் தள்ளிப்போடட்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பேட்டரியில் ஏன் தொடக்கூடாது? மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினாலே டயோடில் மின்னோட்டம் மளமளவென்று ஏறிவிடும். சூடானதும் டயோடு இன்னும் அதிகமாக இழுக்கும். அளவு மீறினால், ஒளி வெளிவரும், கண்ணுக்கே தெரியாத அதன் முகப்பு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் பொசுங்கிவிடும். அப்படிக் கெட்ட டயோடு பெரும்பாலும் முழுவதுமாக அணைவதில்லை. சாதாரண எல்இடி போல மங்கலாக நீலம் காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் மரத்தில் புள்ளிகூட விழாது.

இனி டிரைவர். விற்றவரின் வார்த்தையை நம்பாமல், டயோடுக்குப் பதிலாக ஒரு போலிச் சுமையைக் கட்டி நாமே அளக்க வேண்டும். 1என்5408 என்ற மூன்று ஆம்பியர் சாதாரண டயோடுகள் ஐந்தும், ஒரு ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றும் போதும். சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, உதிரிபாகம் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஐந்தையும், உடலிலுள்ள கோடு ஒரே பக்கம் இருக்குமாறு, வரிசையாகச் சால்டர் செய்து, கடைசியில் ரெசிஸ்டரைச் சேருங்கள். கோடில்லாத முனை டிரைவரின் பிளஸுக்கு. ஒரு ஆம்பியர் ஓடும்போது டயோடு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 0.8 வோல்ட், ரெசிஸ்டரில் ஒரு வோல்ட், ஆக 5 வோல்ட். நீல டயோடு கேட்பதும் ஏறத்தாழ அதே அளவுதான்.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனைகளில் தொடுங்கள். ஒரு ஓம் என்பதால் கணக்கே வேண்டாம்: 0.80 வோல்ட் காட்டினால் ஓடுவது 0.80 ஆம்பியர். மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் டிரைவரிலுள்ள பிரீசெட் என்ற குட்டித் திருகைத் திருப்பும்போது எண் சீராக ஏறி இறங்குகிறதா, நடுவில் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். துள்ளினால் அந்த டிரைவரை ஒதுக்கிவிடுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, சூடானபிறகும் அளவு நகராமல் இருக்கிறதா என்று பாருங்கள். சுமை டயோடுகள் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், அது இயல்புதான். எல்லாம் சரியென்றால் பிரீசெட்டைக் குறைந்தபட்சத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மீட்டரை ஆம்பியரில் வைத்து லேசர் டயோடுடன் வரிசையில் கோக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது வேண்டாம். மீட்டர் ஒயரின் முனை ஒரு கணம் நழுவினால் சுற்று திறந்துகொள்ளும், டிரைவரின் வெளியீட்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் உச்ச வோல்ட்டுக்கு ஏறிவிடும், முனை மறுபடி பட்டதும் அத்தனையும் டயோடுக்குள் பாயும். இதே காரணத்தால்தான் டிரைவருக்கும் டயோடுக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கக்கூடாது. சுவிட்ச் எப்போதும் டிரைவரின் உள்ளீட்டுப் பக்கம்தான்.

இப்போது டயோடை எடுக்கலாம். உடலில் சேரும் நிலைமின்சாரமே டயோடைக் கெடுத்துவிடும் என்பதால் பாலியெஸ்டர் சட்டை வேண்டாம். எர்த் உள்ள உலோகம் எதையாவது தொட்டுவிட்டு உட்காருங்கள். மூன்று முள் பிளக் உள்ள சால்டரிங் அயர்னைப் பயன்படுத்துங்கள். இரண்டு முள் மலிவு அயர்ன்களின் முனையில் கசியும் மின்சாரமே டயோடுக்கு எமன். டயோடின் கால்களை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றி ஒன்றாக்கிக்கொண்டு ஒயரைப் பற்றவையுங்கள். எந்தக் கால் பிளஸ், உலோக உறை எந்தக் காலோடு சேர்ந்திருக்கிறது என்பதை டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) பார்த்துவிடுங்கள். டிரைவருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தி, அதன் வெளியீட்டு முனைகளை ஒரு ரெசிஸ்டரால் சில நொடிகள் இணைத்துக் கெப்பாசிட்டரைக் காலியாக்குங்கள். பிறகு டயோடைப் பற்றவைத்து, கடைசியில் செம்புக் கம்பியை அவிழ்த்துவிடுங்கள்.

டயோடு, சூட்டை இழுத்து வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கில் இறுக்கமாக உட்கார்ந்த பிறகுதான் மின்சாரம். எதிரே பூசாத செங்கல் ஒன்றை நிறுத்துங்கள், கருப்புப் பெயின்ட் அடித்த பலகை புகையும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டி, சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அந்த ஒரு ஓம் ரெசிஸ்டரை டயோடுடன் வரிசையிலேயே பற்றவைத்து விட்டிருந்தால் அளவு தெரிந்துகொண்டே இருக்கும். முதலில் மங்கல் ஒளி, பிறகு ஒரு கட்டத்தில் ஒளி சட்டென்று கூர்மையாகும். லேசர் தொடங்குவது அங்கேதான். டேட்டாஷீட் சொல்லும் உச்சத்தில் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி இருபதால் பொறிப்பு பெரிதாக வேகமெடுக்காது, டயோடின் ஆயுள்தான் குறையும். 4 வாட்டுக்கு மேல் உள்ளே போய் ஒரு வாட் மட்டும் ஒளியாக வெளியே வருகிறது. மீதியெல்லாம் சூடு என்பதால் சின்ன மின்விசிறி அவசியம்.

பொறிக்கும் இயந்திரத்தில் மாட்டும்போது, லேசரை எரியவும் அணையவும் சொல்லும் கட்டுப்பாட்டு ஒயரைக் கவனியுங்கள். அந்த ஒயர் கழன்றால் லேசரை முழுவீச்சில் எரியவிடும் டிரைவர்கள் உண்டு. சுமை டயோடுகளைக் கட்டியிருக்கும்போதே ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அளவு பூஜ்யத்துக்கு வராவிட்டால், டிரைவரின் கட்டுப்பாட்டு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைத்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வேறு டிரைவர் வாங்குங்கள்.