கோப்பு எங்கே போச்சு? – அலுவலக ஆவண மேலாண்மை: வாசகர் கேள்வி பதில்

பெரிய நிறுவனங்களில் ஆவணங்களைச் சேமிப்பது, தேடுவது, பாதுகாப்பது பற்றி வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எட்டாயிரம் பேர் வேலை செய்கிறோம். ஆவண மேலாண்மை மென்பொருள் வாங்கி, எல்லோருக்கும் பயிற்சியும் கொடுத்தாயிற்று. ஆனாலும் கோப்புகள் மின்னஞ்சல் இணைப்பாகத்தான் சுற்றுகின்றன. ஊழியர்களின் மனநிலையை எப்படி மாற்றுவது?

மனநிலையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்களே உட்கார்ந்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை அந்த மென்பொருளில் சேமித்துப் பாருங்கள். துறை, பிரிவு, ஆவண வகை, திட்ட எண், ரகசிய நிலை, பாதுகாக்கும் காலம், மொழி, முக்கியச் சொற்கள் என்று பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் வரிசையாக நிற்கும். பெரும்பாலானவற்றின் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்ப இரண்டு கிளிக் போதும். வேலை அவசரத்தில் இருப்பவர் எந்த வழியில் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

கட்டாயக் கட்டங்களால் இன்னொரு கேடும் உண்டு. நிரப்பாமல் சேமிக்க முடியாது என்பதால், பட்டியலில் முதலில் இருப்பதையோ 'மற்றவை' என்பதையோ தட்டிவிட்டுப் போவார்கள். அந்தத் தகவலை நம்பித்தான் பிறகு தேடலும் அனுமதியும் அழிக்கும் காலமும் இயங்கும். காலியான கட்டத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். தவறாக நிரப்பியதோ சரியானதைப் போலவே உட்கார்ந்திருக்கும். இதைச் சோதிப்பது எளிது. ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மதிப்பு எத்தனை முறை வந்திருக்கிறது என்று நிர்வாகியிடம் ஓர் அறிக்கை கேளுங்கள். ஒரே மதிப்பு பாதிக்கு மேல் வந்து, அதுவே பட்டியலின் முதல் வரியாகவும் இருந்தால், அந்தக் கட்டத்தால் யாருக்கும் பயனில்லை. எடுத்துவிடலாம்.

கணினிக்கு ஏற்கெனவே தெரிந்ததை மனிதரிடம் கேட்கவே கூடாது. துறையும் பிரிவும் ஊழியர் பட்டியலில் இருக்கின்றன. திட்ட எண், அந்தத் திட்டத்துக்கென்று திறந்த தளத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு ஒரு டெம்ப்ளேட், கூட்டக் குறிப்புக்கு ஒரு டெம்ப்ளேட் என்று கொடுத்துவிட்டால் ஆவண வகை தானாக வந்துவிடும். வகை தெரிந்தால் ரகசிய நிலையும் பாதுகாக்கும் காலமும் அதிலிருந்தே வரும். மைக்ரோசாஃப்டின் ஆவண மேலாண்மை மென்பொருளான ஷேர்பாயிண்டில் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனித்தனி இயல்பு மதிப்புகளை (தானாக நிரம்பும் மதிப்புகளை) அமைக்கலாம். அந்தக் கோப்புறையில் போடும் கோப்பு அவற்றைத் தானே எடுத்துக்கொள்ளும். கடைசியில் மனிதரிடம் கேட்க வேண்டியது இரண்டு, மிஞ்சினால் மூன்று: தலைப்பு, எதிர்த்தரப்பின் பெயர், ஆவணத் தேதி.

இணைப்புக்குப் பதிலாக லிங்க் அனுப்பச் சொல்வது நல்லதுதான். ஆனால் பெறுபவருக்கு அனுமதி இல்லாமல் லிங்க் போனால், திறக்கும்போது 'அணுக இயலாது' என்று வரும். இப்படி இரண்டு தடவை நடந்தால் போதும், அந்த அலுவலகமே இணைப்புக்குத் திரும்பிவிடும். அனுப்பும் நேரத்திலேயே பெறுபவருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து எச்சரிக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. பயிற்சி வகுப்புக்குத் தேதி குறிப்பதற்கு முன் அதை இயக்கி வையுங்கள்.

கேள்வி: கோப்பு உள்ளே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிகிறது. ஆனால் தேடினால் வருவதில்லை. வேறு தேடல் மென்பொருள் வாங்க வேண்டுமா?

வாங்குவதற்கு முன் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஸ்கேன் செய்த கோப்புகள். கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்தாலும் அது வெறும் படமாக இருக்கலாம். பிடிஎஃபைத் திறந்து ஒரு வரியைச் சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து தேர்வாகாமல் பக்கம் முழுவதும் ஒரே படமாகப் பிடிபட்டால், அதற்கு ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைக் கணினி தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவது) செய்யவில்லை என்று அர்த்தம். ஓசிஆர் நன்றாக வர 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்யுங்கள். மங்கலான பிரதிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காமல் சாம்பல் நிறச் சாயலில் எடுங்கள்.

ஸ்கேனரில் கோப்பின் அளவைக் குறைக்கும் அமைப்பு விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. சில அழுத்த முறைகள், ஒரே மாதிரி தோன்றும் எழுத்துத் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். 2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் இதை வெளிக்கொண்டு வந்தார். ஒரு கட்டட வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர், 17.42 சதுர மீட்டர் என்றிருந்த அறைகள், ஸ்கேன் செய்த பிரதியில் 14.13 என்று பளிச்சென்று அச்சாகியிருந்தன. மங்கலாக இருந்தால் சந்தேகமாவது வரும். இங்கே தெளிவான எழுத்தில் தவறான எண். கணக்கு, வரைபடம், மருத்துவ அளவு எதுவானாலும், மூலத்தாளைக் கிழிப்பதற்கு முன் மாதிரிப் பக்கங்களை எண்ணுக்கு எண் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கோப்பின் உள்ளே ஒளிந்திருக்கும் தலைப்பு. வேர்டு கோப்பில், கோப்பின் பெயர் தவிர, 'தலைப்பு' என்று தனியாக ஒரு பண்பு உண்டு. எப்போதோ ஒருவர் செய்த டெம்ப்ளேட்டில் பழைய அறிக்கையின் தலைப்பு அதில் தங்கியிருந்தால், அதிலிருந்து பிறக்கும் எல்லாக் கோப்புகளும் தேடல் முடிவில் அதே தலைப்போடு வரும். தேடுபவர் தமக்கு வேண்டியது இல்லை என்று நினைத்துக் கடந்துவிடுவார். டெம்ப்ளேட்டின் பண்புகளில் அந்த ஒரு வரியை அழித்துவிட்டால் இனி உருவாகும் கோப்புகள் சரியாகும். பழையவற்றை மொத்தமாகத் திருத்த வேண்டும்.

மூன்றாவது, அனுமதி. தேடுபவருக்குப் பார்க்க உரிமை இல்லாத கோப்பை நல்ல தேடல் காட்டாது. எனக்கு வருகிறது, அவருக்கு வரவில்லை என்ற புகார்கள் பெரும்பாலும் இந்த வகைதான். புதிதாகப் போட்ட கோப்பு, தேடலுக்கான அட்டவணையில் (இன்டெக்ஸ்) ஏறக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பதையும் ஊழியர்களிடம் சொல்லி வையுங்கள்.

நான்காவதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை: தேடல் பதிவு. ஊழியர்கள் என்ன சொல்லைத் தட்டினார்கள், எதற்கு ஒன்றுமே வரவில்லை என்ற பட்டியல் நிர்வாகப் பக்கத்தில் கிடைக்கும். வாரத்துக்கு ஒருமுறை அதை ஒருவர் அரைமணி நேரம் படிக்க வேண்டும். எல்லோரும் 'லீவு படிவம்' என்று தேடுவார்கள். கோப்பின் பெயரோ 'விடுப்பு விண்ணப்பம்' என்றிருக்கும். இரண்டும் ஒன்று என்று ஒத்தசொல் பட்டியலில் சேர்த்தால் அந்தச் சிக்கல் அன்றே தீரும். அடிக்கடி தேடப்படும் முதல் ஐம்பது சொற்களுக்குச் சரியான கோப்பு முதலில் வரும்படி கையால் அமைத்துவிடுங்கள். புது மென்பொருள் வாங்கிச் செய்ய முடியாததை இந்த அரைமணி நேரம் செய்துவிடும்.

கேள்வி: கோப்புறைகளே வேண்டாம், எல்லாம் மெட்டாடேட்டா (கோப்பைப் பற்றிக் கட்டங்களில் நிரப்பும் தகவல்) என்கிறார் ஆலோசகர். சரியா?

பாதி சரி. கோப்புறை எல்லோருக்கும் பழகிய வழி; அதை ஒரேயடியாகப் பிடுங்கினால் ஆட்கள் தங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்வார்கள். மூன்று அடுக்கு வரை வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு அனுமதி என்பது மாறும் இடத்தில் கோப்புறையோ தனி நூலகமோ (ஷேர்பாயிண்டில் கோப்புகளைத் தொகுத்து வைக்கும் இடம்) தேவை. வருடம், வாடிக்கையாளர், நிலை போன்றவற்றை மெட்டாடேட்டாவில் வையுங்கள். அப்போது ஒரே கோப்பு பல வரிசைகளில் கிடைக்கும். ஷேர்பாயிண்டில் ஒரு காட்சி (கோப்புகளை வடிகட்டி வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியல்) 5,000 உருப்படிகளுக்கு மேல் அலச நேர்ந்தால் தடை விழும். அந்த எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன்பே, வடிகட்டப் பயன்படும் நெடுவரிசைகளுக்கு அட்டவணை (இன்டெக்ஸ்) போட்டுவிடுங்கள்.

கேள்வி: சக ஊழியர் கோப்பைப் பதிவேற்றிவிட்டேன் என்று சத்தியம் செய்கிறார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவர் திரையில் மட்டும் இருக்கிறது. ஏன்?

ஷேர்பாயிண்டில் அந்தக் கோப்பு உள்ள நூலகத்தில் 'திருத்துவதற்கு முன் செக்அவுட் கட்டாயம்' என்ற அமைப்பு இயக்கத்தில் இருக்கும். செக்அவுட் என்றால் கோப்பை ஒருவர் தமக்கென்று பூட்டி எடுப்பது, செக்இன் என்றால் திருத்தி முடித்துத் திருப்பி விடுவது. அப்படி இருந்தால், புதிதாக ஏற்றிய கோப்பை அவர் ஒருமுறையாவது செக்இன் செய்யும்வரை மற்றவர் கண்ணில் அது படாது. அவர் விடுப்பில் போய்விட்டால், நூலக அமைப்புகளில் 'செக்இன் செய்யப்படாத கோப்புகள்' என்ற பகுதிக்குப் போய் நிர்வாகி அவற்றைத் தம் பெயருக்கு மாற்றி விடுவிக்கலாம். பலர் ஒரே நேரத்தில் திருத்தும் வசதியையும் இந்த அமைப்பு முடக்கிவிடும். ஒப்புதல் பெற்ற நடைமுறை விதிகள் மாதிரியான நூலகங்கள் தவிர மற்ற இடங்களில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

கேள்வி: பழைய ஷேர்டு டிரைவில் பதினைந்து வருடக் கோப்புகள், சுமார் 6 டெராபைட். அப்படியே புதிய அமைப்புக்கு மாற்றிவிடலாமா?

அப்படியே மாற்றினால் பழைய குப்பைக்குப் புதுத் தேடல் பெட்டி கிடைக்கும், அவ்வளவுதான். முதலில் கணக்கெடுங்கள்: பாதை, அளவு, கடைசியாகத் திருத்திய தேதி, உரிமையாளர், ஹாஷ் மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு). ஹாஷ் ஒன்றாக இருந்தால் பெயர் எதுவானாலும் உள்ளடக்கம் ஒன்றே. இரட்டைப் பிரதிகள் இப்படி வெளியே வரும். 'கடைசியாகத் திறந்த தேதி'யை நம்பாதீர்கள், வைரஸ் சோதனையும் காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளும்கூட அதை மாற்றிவிடலாம். எதை விடுவது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது அந்தந்தத் துறை. கணினிப் பிரிவு பட்டியலைத்தான் தர முடியும்.

மாற்றும்போது உடைவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, பாதையின் நீளம். ஷேர்பாயிண்ட் ஆன்லைனில் கோப்புறைகளும் கோப்பின் பெயரும் சேர்ந்து 400 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. ஆழமாக அடுக்கிய கோப்புறைகளில் இது சுலபமாகத் தாண்டிவிடும். முன்கூட்டியே பட்டியல் எடுத்துச் சுருக்குங்கள். இரண்டு, ஒன்றையொன்று சுட்டும் எக்செல் கோப்புகள். நிதித் துறையில் ஒரு மாத அறிக்கை பத்துக் கோப்புகளிலிருந்து எண்களை இழுக்கும். இடம் மாறியதும் அந்தச் சூத்திரங்கள் பழைய டிரைவையே தேடும். நிதித் துறையைக் கடைசியாக மாற்றுங்கள், மாத இறுதியில் தொடவே வேண்டாம். மூன்று, தேதிகள். வெறுமனே இழுத்துப் போட்டால் எல்லாக் கோப்புகளும் இன்று பிறந்ததாக ஆகிவிடலாம், உருவாக்கியவர் பெயரும் மாறிவிடும். பாதுகாக்கும் காலம் தேதியை வைத்துக் கணக்கிடப்படுவதால் இது சின்ன விஷயமில்லை. மூலத் தேதியையும் பெயரையும் காக்கும் மாற்றுக் கருவியைப் பயன்படுத்தி, நூறு கோப்புகளை முதலில் சோதித்துப் பாருங்கள்.

ஒரு துறை மாறியதும் அதன் பழைய கோப்புறையை அன்றே 'படிக்க மட்டும்' ஆக்கிவிட வேண்டும். இரண்டு இடத்திலும் எழுத முடிந்தால் ஒரே வாரத்தில் எது உண்மையான பிரதி என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

கேள்வி: நீண்ட காலம் வைக்க வேண்டிய ஒப்பந்தங்களைச் சாதாரண பிடிஎஃபில் வைத்தால் போதாதா?

நீண்ட காலப் பாதுகாப்புக்கென்றே உள்ள பிடிஎஃப்/ஏ வடிவில் வையுங்கள். அது 2005-ல் ஐஎஸ்ஓ 19005 என்ற சர்வதேசத் தரமாக வகுக்கப்பட்டது. எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், கடவுச்சொல் பூட்டு கூடாது என்பவை அதன் விதிகளில் சில. மின் கையொப்பம் இட்ட பிறகு இந்த வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு மாறிவிட்டது என்று கையொப்பம் செல்லாமல் போகும். முதலில் மாற்றிவிட்டு, பிறகு கையொப்பமிடுங்கள். பாதுகாக்கும் காலத்தை ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து எண்ணாமல், அது முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டிய வகைகள் நிறைய. சட்டத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: புதிய அமைப்பு பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று வெளியிடுவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது?

கருத்துக் கணிப்புப் படிவம் அனுப்பாதீர்கள். உருவாக்கிய குழுவில் இல்லாத ஐந்து பேரைத் தனித்தனியாக உட்கார வைத்து, அவர்களுடைய வேலையிலிருந்தே ஆறு பணிகள் கொடுங்கள், உதாரணமாக: நடப்பிலுள்ள பயணச் செலவு விதியைக் கண்டுபிடியுங்கள், போன மாதக் கூட்டக் குறிப்பின் முந்தைய பதிப்பைத் திறங்கள், இந்தக் கோப்பை வெளி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்கவே கூடாது. முதல் கிளிக் எங்கே விழுந்தது, எத்தனை நிமிடம் ஆனது, எங்கே கை நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே இடத்தில் தடுமாறினால், மாற்ற வேண்டியது அந்தத் திரையைத்தான். கையேட்டில் இன்னொரு பக்கம் சேர்த்துப் பயனில்லை. திருத்தியபின் வேறு ஐந்து பேரை வைத்து மறுபடி செய்யுங்கள்.

கேள்வி: இனி செயற்கை நுண்ணறிவு உதவியாளரே ஆவணங்களைப் படித்துப் பதில் சொல்லிவிடுமே. இதெல்லாம் எதற்கு?

அந்த உதவியாளர் பதில் சொல்வது உங்கள் கோப்புகளிலிருந்துதான். ஒரே விதியின் மூன்று பதிப்புகள் மூன்று இடத்தில் கிடந்தால், காலாவதியானதிலிருந்தும் தயக்கமில்லாமல் பதில் தரும். இதைவிடக் கவலைக்குரியது அனுமதி. கேட்பவருக்கு எதையெல்லாம் பார்க்க உரிமை இருக்கிறதோ அதையெல்லாம் அது தேடும். சம்பளப் பட்டியலை யாரோ ஒருவர் 'நிறுவனத்தில் எல்லோருக்கும்' என்று பகிர்ந்து மறந்திருந்தால், இத்தனை நாள் யாரும் அந்தப் பாதையைத் தேடிப் போகாததால்தான் ரகசியமாக இருந்தது. இப்போது ஒரு கேள்வி போதும். உதவியாளரை இயக்குவதற்கு முன் 'எல்லோருக்கும்' என்று பகிரப்பட்ட கோப்புகளின் அறிக்கையை எடுங்கள். மனிதவளம், நிதி, சட்டம் மூன்று துறைகளையும் முதலில் சரிசெய்துவிட்டு, சின்னக் குழு ஒன்றுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.