டப்ளினில் ஒரே ஒரு மாலை: எந்த பப்புக்குப் போவது? (கேள்வி பதில்)

டப்ளினில் சில ஆண்டுகள் வசித்தவன் என்பதால், அங்கே ஒரு மாலை மட்டும் தங்குபவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அலுவலக வேலையாக வருகிறேன், வியாழன் மாலை மட்டுமே கிடைக்கும். எல்லாரும் சொல்கிற டெம்பிள் பாருக்கே போய்விடலாமா?

பதில்: போகலாம். ஆனால் கையில் இருப்பது ஒரே மாலை என்றால் நான் உங்களை அங்கே அனுப்ப மாட்டேன். டெம்பிள் பார் என்பது ஒரு பப்பின் பெயர். லிஃபி ஆற்றின் தென்கரையில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயரும் அதுவே. அங்கே விலை அதிகம், கூட்டம் அதிகம், பக்கத்தில் இருப்பவரும் உங்களைப் போலவே நேற்று விமானத்தில் வந்திறங்கியவராக இருப்பார். அதே வட்டாரத்தின் ஓரத்தில், ஃப்ளீட் தெருவில், 1823-இல் தொடங்கப்பட்ட பேலஸ் பார் இருக்கிறது. 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியராக 1934 முதல் 1954 வரை இருந்த ஸ்மைலி, எழுத்தாளர்களைச் சேர்த்துக்கொண்டு சபை நடத்திய இடம் அது. முன்பக்கம் நெரிசலாக இருந்தால் தயங்காமல் உள்ளே நடந்து, கூரையில் வண்ணக் கண்ணாடி பதித்த பின்னறையில் இடம் பிடியுங்கள்.

கேள்வி: இருப்பதிலேயே பழைய பப் எது? 1198 என்று பெயர்ப்பலகை வைத்த ஒன்றைப் படத்தில் பார்த்தேன்.

பதில்: நீங்கள் பார்த்தது லோயர் பிரிட்ஜ் தெருவில் உள்ள பிரேசன் ஹெட். அந்த இடத்தில் 1198 முதல் விடுதி இருந்து வந்ததாக உரிமை கொண்டாடுகிறார்கள். இன்று நீங்கள் நுழையும் கட்டடம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. அத்லோன் நகரத்து ஷான்ஸ் பார் என்பவர்கள் கி.பி. 900 வரை பின்னால் போகிறார்கள். இந்தப் போட்டியில் நீங்கள் தலையிட வேண்டாம். கண்ணால் காணக்கூடிய பழமை வேண்டுமென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைந்த உட்புறங்களைத் தேடுங்கள்: தெற்கு கிரேட் ஜார்ஜ் தெருவின் லாங் ஹால், அல்லது 1895-இல் புதுப்பித்துக் கட்டிய ஸ்டேக்ஸ் ஹெட். செதுக்கிய மர அலமாரிகள், நிலைக்கண்ணாடிகள், வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் எல்லாம் அங்கே புழக்கத்தில் இருக்கின்றனவே தவிர, காட்சிக்கு வைக்கப்படவில்லை.

கேள்வி: எனக்குக் குடியை விட இசைதான் முக்கியம். உண்மையான ஐரிஷ் இசையை எங்கே கேட்கலாம்?

பதில்: ஸ்மித்ஃபீல்டில் உள்ள கோபிள்ஸ்டோன். லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் ஸ்மித்ஃபீல்டு நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடை. இந்த பப்பைச் சுற்றி ஓட்டல் கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2021 நவம்பரில் நகராட்சி மன்றம் அதற்கு அனுமதி மறுத்தது. ஒரு மதுக்கடைக்காக ஊர் எதற்குத் திரள வேண்டும் என்பது ஒரு மாலை அங்கே உட்கார்ந்தால் புரியும்.

அங்கே நடப்பதை 'செஷன்' என்பார்கள். மேடையும் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. மூலையில் சிலர் வட்டமாக உட்கார்ந்து, பிடில், புல்லாங்குழல், கான்செர்ட்டினா, இலியன் பைப் என்கிற துருத்திக் குழல், கையில் பிடித்துக் குச்சியால் தட்டும் போரான் ஆகியவற்றை ஒருவரையொருவர் பார்த்தபடி வாசிப்பார்கள். ஒருவர் ரீல் என்னும் வேகமான நடன மெட்டு ஒன்றைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், மூன்று சுற்று முடிந்ததும் ஒரு தலையசைப்பில் மொத்தக் கூட்டமும் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடும். அந்தத் தாவலைக் கவனியுங்கள், முழு அழகும் அதில்தான் இருக்கிறது. அவர்கள் உங்களுக்காக வாசிக்கவில்லை, தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்தால் மற்ற நாகரிகங்கள் தாமாக வந்துவிடும்: அவர்களுக்கென விட்டிருக்கும் நாற்காலியில் அமராதீர்கள், தாளம் தட்டிக் குழப்பாதீர்கள், யாராவது துணைக்கருவி இல்லாமல் பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்துங்கள். வாசிப்பு பெரும்பாலும் இரவு 9 மணியை ஒட்டிச் சூடு பிடிக்கும். உட்கார இடம் வேண்டுமானால் அதற்கு வெகு முன்பே போக வேண்டும்.

கேள்வி: அண்ணா, மனைவியும் எட்டு வயது மகளும் உடன் வருகிறார்கள். மனைவி குடிப்பதில்லை. சங்கடமாக இருக்குமா?

பதில்: இருக்காது, தம்பி. ஐரிஷ் பப் அடிப்படையில் அக்கம்பக்கத்தார் பேசும் இடம். எலுமிச்சைச் சோடாவோ, கின்னஸ் என்னும் கருப்பு பீரின் ஆல்கஹால் இல்லாத வகையோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குழந்தை பெற்றோருடன் இரவு 9 மணி வரை இருக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. தெற்கு ஆன் தெருவின் கீயோஸ், பேகட் தெருவின் டோனர்ஸ் போன்றவற்றில் 'ஸ்னக்' என்னும் சிறு தடுப்பறை இருக்கிறது. பெண்கள் பொது அறையில் குடிப்பதை ஊர் ஏற்காத காலத்தில் அவர்களும், பிறர் கண்ணில் படக் கூடாத பாதிரியாரும் காவலரும் ஒதுங்கிய இடம் அது. மாலை 5 மணிக்கு முன் போனால் உங்கள் குடும்பத்துக்கு அது கிடைக்க வாய்ப்புண்டு.

கேள்வி: நான் சைவம். கின்னஸில் மீன் பொருள் சேர்ப்பார்கள் என்கிறார்களே?

பதில்: மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைத் தெளிவிக்கப் பயன்படுத்தினார்கள், இப்போது கைவிட்டுவிட்டார்கள். சாப்பாட்டை வெளியில் முடித்துக்கொண்டு போங்கள், பல பழைய பப்புகளில் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் கிடைக்கும்.

கேள்வி: பாட்டும் வேண்டாம், தொலைக்காட்சியும் வேண்டாம். நண்பருடன் பேச வேண்டும், அவ்வளவே.

பதில்: கிளாஸ்னெவினில் 1833 முதல் நடக்கும் ஜான் கவனா. பக்கத்தில் ஓ'கானெல், மைக்கேல் காலின்ஸ் ஆகிய ஐரிஷ் அரசியல் தலைவர்கள் அடக்கமான பெரிய கல்லறைத் தோட்டம் இருப்பதால் 'குழி வெட்டுவோர் கடை' என்பதே ஊர் வழக்கு. இசையும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. நகர மையத்திலிருந்து பேருந்தில் போக வேண்டும். எனக்கு ஒரே மாலை என்றால் நான் இங்கேதான் போவேன்.

கேள்வி: எப்படிக் கேட்டு வாங்குவது? எப்போது மூடுவார்கள்?

பதில்: கவுண்டருக்குப் போய், பணியாளர் கண்ணைப் பார்த்தால் போதும், கையை ஆட்டிக் கூப்பிடாதீர்கள். கின்னஸை முக்கால் அளவு ஊற்றி, நுரை அடங்கும்வரை வைத்து, பிறகு நிரப்புவார்கள். முதல் முறை போனபோது பாதியில் கண்ணாடிக் குவளையை நான் எடுக்கப்போக, பணியாளர் சிரிக்காமல் என் கையை மெல்ல விலக்கினார். ஒருவர் உங்களுக்கும் சேர்த்து வாங்கினால் அடுத்த முறை உங்களுடையது, அதை மறப்பது பெரிய பிழை. வியாழக்கிழமை விற்பனை 11.30-க்கு முடியும், குடித்து முடிக்க இன்னும் அரை மணி தருவார்கள்.