பின்னால் விழுந்த லென்ஸ் துண்டு தானாகக் கரையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. பத்து நாளைக்கு முன் இடது கண்ணில் புரை ஆபரேஷன் செய்தார்கள். நடுவில் லென்ஸைச் சுற்றியிருக்கும் பை கிழிந்து லென்ஸ் துண்டு ஒன்று கண்ணுக்குள் பின்னால் விழுந்துவிட்டதாம். செயற்கை லென்ஸும் வைக்கவில்லை. கண் சிவந்து, பார்வை மங்கலாக இருக்கிறது. கண் அழுத்தம் 34. ரெட்டினா (விழித்திரை) டாக்டரிடம் இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்கிறார்கள். சொட்டு மருந்திலேயே கரையாதா?

பதில்: விழுந்தது எது என்பதைப் பொறுத்தது. மாம்பழம் மாதிரிதான் நம் லென்ஸும்: வெளியே சதை, நடுவில் கொட்டை. விழுந்தது கொஞ்சம் சதை மட்டும் என்றால், ஸ்டீராய்டு சொட்டு போட்டுக்கொண்டு காத்திருக்கலாம். சில வாரங்களில் கரைந்துவிடும். கொட்டை அப்படியில்லை. 71 வயதில் அது இறுகிப்போயிருக்கும். உள்ளே கிடக்கும் துண்டோடு உடம்பு சண்டை போடும். அந்த அழற்சியில் கண்ணின் நீர் வடியும் பாதை அடைபட்டு அழுத்தம் ஏறும். சாதாரண அளவு 10 முதல் 21 வரை. அழுத்தம் 34-லேயே நாள்கணக்கில் நீடித்தால் பார்வை நரம்பு கெடலாம்.

எனவே அவர்கள் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. முதலில் மருந்தால் அழுத்தத்தைக் குறைப்பார்கள். கருவிழி வீங்கி உள்ளே தெரியாவிட்டால் ஸ்கேனில் துண்டின் அளவைப் பார்ப்பார்கள். பொதுவாக ஓரிரு வாரத்துக்குள் எடுத்துவிடுவது வழக்கம். பத்து நாள் ஏற்கெனவே ஓடிவிட்டது.

ஆபரேஷனுக்குப் பெயர் விட்ரெக்டமி. ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, கருவிழி ஓரத்திலிருந்து சுமார் மூன்றரை மில்லிமீட்டர் தள்ளி மூன்று நுண்துளைகள் போடுவார்கள். துண்டை நேராகப் பிடித்து இழுக்கக் கூடாது. கண்ணின் பின்பக்கம் நிறைந்திருக்கும் ஜெல்லி ரெட்டினாவோடு ஒட்டியிருக்கிறது. இழுத்தால் ரெட்டினாவும் கிழியும். அதனால் முதலில் ஜெல்லியை வெட்டி எடுப்பார்கள். மிருதுவான துண்டை அதே கருவி தின்றுவிடும். கெட்டியானதை அல்ட்ராசவுண்டு முனையால் உடைத்து உறிஞ்சுவார்கள். சில சமயம் தண்ணீரைவிடக் கனமான ஒரு திரவத்தை உள்ளே விட்டு, துண்டை மிதக்க வைத்து ரெட்டினாவைக் காப்பார்கள். பையின் முன்விளிம்பு மிச்சமிருந்தால் லென்ஸை அதன்மேலேயே வைக்கலாம். இல்லாவிட்டால் கண்ணின் வெள்ளைச் சுவரிலோ கண்மணியைச் சுற்றியிருக்கும் கருந்திரையிலோ (ஐரிஸ்) பொருத்த வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும்: முதல் டாக்டர் தப்பு செய்துவிட்டாரா? அந்தப் பையின் பின்சுவர் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கைதேர்ந்தவர்களுக்கும் கிழிந்திருக்கிறது. விழுந்த துண்டைத் துரத்திப் பிடிக்கப் போவதுதான் பெரிய ஆபத்து. அவர் அங்கேயே நிறுத்தி, உங்களிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

ரெட்டினா டாக்டரிடம் போகும்போது முதல் ஆபரேஷன் குறிப்பையும், லென்ஸ் பவர் கணக்கிட்ட தாளையும் எடுத்துப் போங்கள். இதற்கிடையில் கண் வலி கூடினாலோ, பார்வை சட்டென்று குறைந்தாலோ, மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்புறம், அப்பா புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறாரா? அது கண்மணியைச் சரியாக விரியவிடாது. வலது கண்ணுக்குப் புரை எடுக்கும் முன் அந்த டாக்டரிடம் இதையும், இடது கண்ணில் நடந்ததையும் சொல்ல வேண்டும்.