கல்லில் யார் பெயர்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பின்னி மில் தொழிலாளர்களின் 1921 வேலைநிறுத்தத்துக்கு நினைவுச் சின்னம் வைக்க ஆசை. சிலை வைக்கலாமா?
(குடியிருப்போர் சங்கம், பெரம்பூர்)

பதில்: சிலை வேண்டாம். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் புதிய சிலைக்கு மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. அது ஒருபுறம் இருக்க, ஆயிரக்கணக்கானோர் நடத்திய போராட்டத்துக்கு ஒரே ஒரு முகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்? தொழிற்சங்கக் கட்டடம், நூலகம், பள்ளி என்று ஏதாவது ஒரு சுவரில், உரிமையாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு கல்வெட்டு பதியுங்கள்.

வாசகம் எழுதுவதுதான் பெரிய வேலை. 1918-இல் இங்கே உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி எழுத எல்லோரும் முன்வருவார்கள். 1921-இல் துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்களைப் பற்றியும் எழுதுவார்கள். அதே போராட்டத்தின்போது, ஜூன் மாதம், புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிக்கப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேராமல் ஆலைக்குப் போனதே அந்தப் பகைக்குக் காரணம். இதை விட்டுவிட்டு வைக்கும் கல், பெரம்பூருக்கு உண்மை சொல்லும், புளியந்தோப்பிடம் மறைக்கும். ஆகவே இரண்டு கல் வையுங்கள், அங்கொன்று இங்கொன்று. ஒவ்வொன்றும் மற்றதைச் சுட்டட்டும். இரண்டு இடத்துப் பெரியவர்களும் வாசகத்தைப் படித்துச் சம்மதித்த பிறகே கல்தச்சரிடம் கொடுங்கள்.

30 மி.மீ. தடிமனுள்ள கருப்பு கிரானைட் போதும். மூன்று மீட்டர் தூரத்தில் நிற்பவர் படிக்க எழுத்து 25 மி.மீ. உயரமாவது இருக்க வேண்டும். எழுத்தைச் செதுக்கியே ஆக வேண்டும். பெயின்டில் மட்டும் எழுதினால் வெயிலில் வெளிறிவிடும். கடற்காற்று அடிக்கும் ஊர் என்பதால் 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் கேளுங்கள். சாதா இரும்பு துருப்பிடித்துப் பருத்து, கல்லின் ஓரத்தைப் பிளந்துவிடும். கான்கிரீட் பீடம் போட்டால் உள்ளே இருக்கும் கம்பியை 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்கட்டும். செதுக்குவதற்கு முன் வாசகத்தை அதே அளவில் ஃபிளெக்ஸில் அடித்து ஒரு வாரம் அந்தச் சுவரில் மாட்டி வையுங்கள். எழுத்துப்பிழையைத் தெருவே கண்டுபிடித்துத் தரும்!

கேள்வி: எதிர்ச் சின்னம் என்கிறார்களே, அது என்ன?
(வாசகி, ராயபுரம்)

பதில்: வழக்கமான சின்னம் “நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன், நீ போ” என்று சொல்லிவிடும். எதிர்ச் சின்னம் அந்த வேலையைப் பார்ப்பவரிடமே திருப்பிக் கொடுக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஹார்பர்க் பகுதியில் 1986-இல் யோஹென் கெர்ட்ஸ், எஸ்தர் ஷலேவ்-கெர்ட்ஸ் இருவரும் பாசிசத்துக்கு எதிராக 12 மீட்டர் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். ஈயம் பூசிய அதில் மக்கள் இரும்பு முனையால் கையெழுத்திட்டார்கள். கைக்கெட்டும் பகுதி நிரம்ப நிரம்பத் தூணைத் தரைக்குள் இறக்கி, 1993-இல் முழுவதும் புதைத்துவிட்டார்கள். வசைகளும் நாஜிச் சின்னங்களும்கூட அதில் கீறப்பட்டன. அவையும் அந்த ஊரின் சாட்சியம்தான் என்று அழிக்காமல் விட்டது சரியான முடிவு.

நம் பக்கத்தில் மூலக்கொத்தளம் இடுகாட்டைப் பாருங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 1939-இல் சிறைப்பட்ட நிலையில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அங்கே இருக்கிறார்கள்.  மொழிப்போர் தியாகிகள் நாளான ஜனவரி 25 வந்தால் மாலையோடு ஆட்கள் போகிறார்கள். கல்லைக் காப்பது அந்தத் தேதிதான். நீங்களும் ஒரு தேதியைக் குறித்துவிட்டுக் கல் வையுங்கள்.

கேள்வி: பழைய வெள்ளைக்காரர் சிலைகளை அகற்றுவது வரலாற்றை அழிப்பதாகாதா?
(மாணவர், தண்டையார்பேட்டை)

பதில்: ஆகாது, இடத்தை மாற்றி விளக்கம் எழுதினால். 1857 கிளர்ச்சியின்போது வட இந்தியாவில் கொடூரமாகப் பழிவாங்கிய ஆங்கிலேயப் படைத்தளபதி நீலின் சிலை மவுன்ட் ரோட்டில் நின்றது. 1927-இல் அதை எதிர்த்து சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அரசு அதை அகற்ற, எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. சிலை பத்திரமாக இருக்கிறது. மரியாதை மட்டும் போய்விட்டது. அது நின்ற இடத்தில், யார் நின்றார், யார் எதிர்த்தார்கள், எப்போது போனார் என்று நான்கு வரிப் பலகை ஒன்று வேண்டும்.