போர்வெல்லை இறக்கும் முன் பேரல் வைத்து அளந்து பாருங்கள்

கேள்வி: பாறை நிலம், மூன்று ஏக்கர் வாழை. 350 அடி போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) மோட்டார் போட்டால் 40 நிமிடம் நன்றாக வருகிறது. பிறகு காற்றும் தண்ணீருமாகக் கக்குகிறது. 1,000 அடிக்கு இறக்கி, பெரிய மோட்டார் மாட்டச் சொல்கிறார் போர் போடுபவர். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும். இறக்கலாமா?

பதில்: வேண்டாம். பாறை நிலத்தில் தண்ணீர் நிற்பது மேலே சிதைந்த பாறையிலும் அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான். ஆழம் கூடக்கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும், இறுகும். அடிக்கணக்கில் கூலி வாங்குபவர் ‘இன்னும் நூறு அடி’ என்றுதான் சொல்வார். தண்ணீர் வராமல் பாறைத்தூசி மட்டும் புகையாக வந்தாலும் அவருக்குக் கூலி உண்டு. பெரிய மோட்டார் அதைவிடக் கேடு. ஊறுவதற்குள் இறைத்துவிட்டு, காய்ந்து ஓடிக் கருகும்.

உங்கள் போர் ஒரு நாளைக்கு எவ்வளவு தரும்? இதை நீங்கள் கேட்கவே இல்லை. உரத்துக்கும் ஆள்கூலிக்கும் கணக்கு எழுதுகிறோம், தண்ணீருக்கு எழுதுவதில்லை. என் ஆதங்கமெல்லாம் இதில்தான். காற்று கக்காமல் மணிக்கணக்கில் சீராக ஓடும் அளவுக்கு கேட் வால்வைத் திருகிக் குறையுங்கள். அப்போது வருவதுதான் உங்கள் ஊற்று. குழாயடியில் 200 லிட்டர் பேரலை வைத்து விநாடி எண்ணுங்கள். 100 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 7,200 லிட்டர். ஆறு மணி நேரத்துக்கு 43,000. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. நீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். கோடையில் வளர்ந்த வாழைக்கு நாளுக்கு 5 மி.மீ. என்று குறைத்தே வைத்தாலும் ஏக்கருக்கு 20,000 லிட்டர் வேண்டும். ஆக, அந்தப் போர் இரண்டு ஏக்கருக்கு மேல் தாங்காது. உங்கள் விநாடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

நிற்கிற வாழைக்குச் சருகு மூடாக்கு போட்டு, சொட்டுநீரில் தினமும் கொஞ்சமாகக் கொடுங்கள். மிச்சமாகும் தண்ணீரை நம்பி நான்காவது ஏக்கரில் நடாதீர்கள். பலரும் அங்கேதான் சறுக்குகிறார்கள். சொட்டுநீர் போட்ட பிறகும் நீர்மட்டம் இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த வாழை வெட்டியதும் ஒரு ஏக்கரைக் குறுகிய காலப் பயறுக்கு விடுங்கள்.

பக்கத்துத் தோட்டக்காரரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே வெடிப்பிலிருந்து இருவரும் இறைக்கிறீர்களா என்பது, உங்கள் மோட்டாரை நிறுத்தி வைத்து, அவர் மோட்டார் ஓடும் முன்பும் ஓடும்போதும் கயிற்றில் எடை கட்டி உங்கள் போரின் நீர்மட்டத்தை அளந்தால் தெரிந்துவிடும். இறங்கினால், இருவரும் நாள் பிரித்துக்கொண்டு ஓட்டுங்கள்.